சித்தியின் இரண்டு பெடல் வண்டி

என் சித்தி ஒரு பெரிய மருத்துவமனையில் முப்பத்து நான்கு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். அந்த மருத்துவமனைக்குப் போன் செய்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அவள் குரலைத்தான். நேரில் பார்க்கிறவர்கள் "அட, நீங்கதானா அது!" என்று வியப்பார்கள். அடுத்த நொடி கண் அவள் காலுக்குப் போகும். உடனே திரும்பிக்கொண்டு சுவரில் ஒட்டியிருக்கும் எதையாவது வாசிக்க ஆரம்பிப்பார்கள்.

நாலு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. முழங்கால்வரை இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டு, இடுப்பைத் தூக்கித் தூக்கி நடப்பாள். கால்தான் மெதுவே தவிர வாய்க்கு ஒரு குறையும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு முன்னறை அவளுடையது. அம்மாவுக்கு ஒரே தங்கை என்பதால் இருவரும் காலையிலேயே சண்டையைத் தொடங்கிவிடுவார்கள். சண்டைச் சத்தம் கேட்கவில்லை என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

அவளுக்கு இருபத்தாறு வயதாக இருந்தபோது ஒரு சாயங்காலம் கொட்டு கொட்டென்று மழை கொட்டியது. பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நின்றவளை அவள் வேலை பார்த்த மருத்துவமனையின் எலும்பு டாக்டர் பார்த்துவிட்டுத் தன் காரில் ஏறச் சொன்னார். நீளமான கார். வாத்து முட்டையின் வெளிர்நிறம். முன்பக்கம் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை சோபா மாதிரி ஒரே சீட்டு. பெரிய டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்த கூச்சத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த கண்ணுக்கு அவருடைய கால்கள் தெரிந்தன.

"டாக்டர், இன்னொண்ணு எங்க?"

"என்னம்மா இன்னொண்ணு?"

"கார்ல மூணு இருக்கும்ல, மிதிக்கறதுக்கு. இங்க ரெண்டுதான் இருக்கு."

டாக்டர் சிரித்தார். "இது ஆட்டோமேட்டிக்மா. கியரை அதுவே மாத்திக்கும். கிளட்ச் கிடையாது. வலது காலுக்கு மட்டும்தான் வேலை. இடது கால் சும்மா உக்காந்துட்டு வரலாம்."

அவர் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னது. சித்தி அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவருடைய காலையேதான் பார்த்துக்கொண்டு வந்தாளாம். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேனான்னுகூட ஞாபகம் இல்ல. ஆனா அவர் எந்த முனையில பிரேக் அழுத்தினார், எங்க விட்டார்னு இப்பக் கேட்டாலும் சொல்லுவேன்" என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னாள்.

ஐம்பது வயதில் திடீரென்று முதுகுவலிக்குப் பயிற்சி என்று சொல்லி வாரம் மூன்று நாள் வெளியே போய்வந்தாள். ஒருநாள் தபாலில் ஒரு கவர் வந்தது. அம்மா பிரித்தாள். உள்ளே சித்தியின் படம் ஒட்டிய ஓட்டுநர் உரிமம்.

"முதுகுவலிக்குக் கார் ஓட்டச் சொன்ன டாக்டர் யாருடி?" என்று அம்மா கேட்டாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"வலி போயிடுச்சுல்ல, விடு" என்றாள் சித்தி.

பயிற்சிப் பள்ளியில் ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் கார் இருந்திருக்கிறது. அதில் கற்றுக்கொண்டிருக்கிறாள். என் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எதையும் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடிச் சோதித்துப் பார்க்கிற ஆள். "லைசென்ஸ் வாங்கியாச்சு, சரி. புதுசா சின்னதா ஒரு வண்டி வாங்கிக்கோ" என்றார். "பார்க்கலாம் அத்தான்" என்று சித்தி தட்டிக் கழித்துக்கொண்டே வந்தாள். எதற்காகக் காத்திருந்தாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

எலும்பு டாக்டர் காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் காலை அவருடைய மனைவி மருத்துவமனைக்குப் போன் செய்தார். எல்லோரும் அவரை டாக்டரம்மா என்றுதான் சொல்வோம்.

"நிர்வாக ஆபீஸுக்குக் கொடும்மா. அவரோட கார் ஷெட்ல சும்மா நிக்குது. யாராவது வாங்கிக்கறாங்களான்னு நோட்டீஸ் போர்டுல எழுதிப் போடச் சொல்லணும்."

சித்தி எதிரே இருந்த டெலிபோன் போர்டு விளக்குகளைப் பார்த்தாள். நிர்வாக அலுவலக லைன் காலியாகத்தான் இருந்தது.

"லைன் பிஸியா இருக்கும்மா" என்றாள்.

முப்பத்து நான்கு வருடத்தில் அவள் இணைப்புக் கொடுக்காமல் விட்ட ஒரே அழைப்பு அதுதான். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் காரைப் பார்க்க டாக்டரம்மா வீட்டுக்குப் போனோம். ஷெட்டில் கார் முகத்தை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. பம்பரில் லேசான துரு. மற்றபடி தூசு தட்டிய வண்டிதான். டாக்டரம்மா ஒளித்துப் பேசுகிறவர் இல்லை.

"முதல்லயே சொல்லிடறேன். கியர்பாக்ஸ் தேஞ்சு போச்சு. ரிவர்ஸ் விழாது. கடைசி ஒரு வருஷம் அவர் இதை முன்னாடி மட்டும்தான் ஓட்டினார்." அவரே பானட்டைத் தூக்கி அளவுக் குச்சியை உருவிக் காட்டினார். "இந்த ஆயில் ரத்தச் சிவப்பா இருக்கணுமாம். பாரு, எப்படிக் கறுத்திருக்குன்னு. மோந்து பாரு."

அப்பா மோந்து பார்த்தார். தீய்ந்த வாடை. "முன்னாடி மட்டும் போற வண்டியை வாங்கி என்ன பண்றது?" என்றார்.

"முன்னாடி போகலாம்" என்றாள் சித்தி.

அவள் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்து, இரும்புப் பட்டைக் காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தாள். இன்ஜின் முதல் திருகலிலேயே கிளம்பிவிட்டது. ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த லீவரை முன்னால் ஓடுகிற நிலைக்குத் தள்ளினாள். வண்டி நகரவில்லை. உதட்டுக்குள் எண்ணினாள். நாலு எண்ணி முடித்ததும் முதுகில் யாரோ குத்தியது மாதிரி ஒரு உதறல், பிறகு மெல்ல உருண்டது. தெருவில் வேகம் எடுத்தபோது இன்ஜின் திடீரென்று ஓலமிட்டது. வேகம் மட்டும் கூடவில்லை. ஒரு மூச்சு நேரம் கழித்துத்தான் பிடித்துக்கொண்டது. சித்தி தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதில் ஹெட்போன் மாட்டியிருக்கிறவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டுலேருந்து மூணுக்கு மாறறப்ப லைன் கட்டாகுது. அப்புறம் கிடைச்சுடுது" என்றாள் பக்கத்தில் இருந்த என்னிடம்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மா அப்பாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். ஒன்றும் பேசாதீர்கள் என்று அர்த்தம். டாக்டரம்மா சாவியைக் கொடுத்தார். "அவர் இருந்திருந்தா உனக்குச் சும்மாவே கொடுத்திருப்பார். என்னால முடியாதும்மா, வீட்டுக் கூரை ஒழுகுது" என்றார். சித்திக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் எங்கள் குடும்பமே முன்னோக்கி மட்டும் வாழ்ந்தது. கிளம்புவதற்கு முன்னால் சித்தி காகிதத்தில் தெருக்களை வரைவாள். முட்டுச்சந்து எது, சுற்றிக்கொண்டு வர இடம் எங்கே இருக்கிறது, எந்தக் கடை வாசல் சரிவாக இருக்கிறது. சரிவு கிடைத்தால் ராஜயோகம், வண்டி தானே பின்னால் உருளும். மருத்துவமனை வாசல் காவலாளிகள் இரண்டு பக்கமும் திறந்த ஒரு இடத்தை அவளுக்காகக் கயிறு கட்டி வைத்தார்கள். எல்லாக் கணக்கும் தப்பிப்போனால் அம்மா இறங்கி முன்னால் போய் பானட்டில் கைவைத்துத் தள்ளுவாள். அப்பா அம்மாவுக்கு 'ரிவர்ஸ்' என்று பெயரே வைத்துவிட்டார். "ரிவர்ஸ் எங்க, காணோம்?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் வருவார்.

ஒருமுறை நானும் அம்மாவும் உடன் இருந்தோம். குறுகலான ஒரு தெருவில் எதிரே தண்ணீர் லாரி வந்து மூக்கோடு மூக்கு நின்றது. லாரிக்குப் பின்னால் வேறு வண்டிகள். லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"பின்னால எடுங்கம்மா!"

"எடுக்க முடியாதுங்க."

"ஏன்?"

"இதுக்கு ரிவர்ஸ் கிடையாது."

"கிடையாதா? கார்தானே இது?"

அம்மா இறங்கினாள். நானும் இறங்கித் தள்ளினேன். பின்பக்கம் மேடு. வண்டி அசையவில்லை. லாரி டிரைவர் திட்டுவதற்கென்றே இறங்கி வந்தார். ஜன்னலுக்குள் பார்த்தவர் இரும்புப் பட்டையைக் கண்டதும் முகம் மாறிப்போனார். குரலைக் குறைத்து, "பாவம், நீங்க ஏம்மா இப்படிக் கஷ்டப்படணும்..." என்று ஆரம்பித்தார்.

சித்திக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "காலைப் பார்க்காதீங்க சார். கால் நல்லாத்தான் இருக்கு. கியர்பாக்ஸ்தான் கோளாறு."

அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து ரொட்டிக் கடைக்காரரையும் லாரிக்குப் பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் இருவரையும் கூப்பிட்டார். அம்மா நடுவில் நின்று கட்டளையிட, எல்லோருமாக வண்டியைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனார்கள். சித்தி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி பின்னோக்கிப் போனாள்.

சிரிப்பெல்லாம் சில மாதம்தான். வெயிலில் அரை மணி நேரம் ஓடினால் மூன்றாவது கியர் பிடிப்பே இல்லாமல் வழுக்க ஆரம்பித்தது. ஒருநாள் மேம்பாலத்தின் நட்டநடுவில் இன்ஜின் அலறிக்கொண்டிருக்க, வண்டி நின்றேவிட்டது. ஆறிய பிறகுதான் நகர்ந்தது. இனி தள்ளிப்போட முடியாது என்று ஆகிவிட்டது.

முதல் ஒர்க்‌ஷாப்பில் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். இரண்டாவது இடத்து மெக்கானிக் நல்ல மாதிரி. வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி வந்தார்.

"இதோட ஏன் மல்லுக்கட்டறீங்க? இந்தப் பாக்ஸைக் கழட்டித் தூக்கிப் போட்டுடலாம். சாதா கியர்பாக்ஸ் ஒண்ணு என்கிட்டயே இருக்கு. ஒரு கிளட்ச் பெடல் வச்சு ஒரே வாரத்துல முடிச்சுத் தரேன். அப்புறம் ஆயுசுக்கும் தொல்லை இல்ல."

"அப்படியே பண்ணிடுங்க!" என்றார் அப்பா. அவ்வளவு நாளாக மனதில் சுமந்த பாரம் இறங்கிய சந்தோஷம்.

"யார் ஓட்டறதுக்கு அத்தான்?" என்று கேட்டாள் சித்தி.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்டாள். அப்பாவின் முகம் சிவந்துபோயிற்று. முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிற மனிதர், அந்த ஒரு நொடி மறந்துவிட்டார். மெக்கானிக்கும் தரையைப் பார்த்தார். என்னைக் கேட்டால், அப்பா மறந்ததில் சித்திக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்திருக்கும்.

மறுநாளிலிருந்து அப்பா வேறு ஆளாகிவிட்டார். கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு, "கடைசி வரி தெரியுதா? சரி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ரிப்பேர் பண்றவங்க யாரையாவது தெரியுமா?" என்று கேட்பார். சிலர் பயந்துபோய்ச் சோதனையில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். ஆறாவது வாரம், தடிமனான கண்ணாடி போட்ட ஒரு கிடங்கு மேற்பார்வையாளர், "எங்க கிடங்குல சரக்கு தூக்கற வண்டிங்க எல்லாம் ஆட்டோமேட்டிக்தான். அதுக்குன்னே பக்கத்து ஊர்ல ஒருத்தர் இருக்கார்" என்றார். அப்பா அவருக்குப் புதுக் கண்ணாடிக்கூடு ஒன்றைச் சும்மாவே கொடுத்துவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தார்.

சித்தி ஆபீஸிலிருந்தே அந்தப் பக்கத்து ஊர் மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். அவர் அதிகம் பேசாதவர்.

"வண்டி என்ன பண்ணுது?"

சித்தி சத்தத்தையே எழுப்பிக் காட்டினாள். லீவரைத் தள்ளியதும் வருகிற முனகல், நாலு எண்ணும்வரை மௌனம், பிறகு உதறல். ரெண்டிலிருந்து மூணுக்கு மாறுகிறபோது எழும் ஓலம். ரிவர்ஸில் போட்டால் கேட்கிற வெறும் உறுமல். அறையில் இருந்த மற்ற இரண்டு ஆபரேட்டர்களும் வேலையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"வண்டி பக்கத்துல நின்னா பேசறீங்க?" என்றார் அவர்.

"இல்லைங்க, ஆபீஸ்ல இருக்கேன்."

"அப்ப இப்பக் கேட்ட சத்தம்?"

"நான்தாங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உள்ளே ரப்பர் சீல் எல்லாம் காஞ்சு கெட்டியாயிருக்கும். தானா பிடிக்கற கிளட்ச் தட்டு வழுக்கையாயிருக்கும். ரிவர்ஸைப் பிடிக்கற பட்டை தேஞ்சு இரும்பு தெரியும். கொண்டு வாங்க, பார்க்கலாம். ஆனா பொறுமை வேணும்."

எதைக் கேட்டாலும் கடைசியில் அந்தச் சொல்லைச் சேர்ப்பார். அம்மா முதல் நாளே அவருக்குப் 'பொறுமை' என்று பெயர் வைத்துவிட்டாள்.

கியர்பாக்ஸைப் பிரித்தபோது போனில் அவர் சொன்ன மூன்றும் அப்படியே இருந்தன. சீல்கள் விரலால் அழுத்தினாலே பொடிந்தன. நாலு மாத வேலை. சனிக்கிழமைதோறும் சித்தி பஸ் பிடித்துப் போய், அவருடைய மேஜை பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். முதல் வாரம் அவர் முகம் கொடுக்கவில்லை. இரண்டாவது வாரம், உள்ளங்கை அகல அலுமினியத் தகடு ஒன்றைப் பிரித்து மேஜையில் வைத்தார். வளைந்து வளைந்து ஓடும் வாய்க்கால்கள், துளைகள், ஸ்பிரிங்குகள், குட்டிக் குட்டி இரும்பு உருண்டைகள். எந்த நேரத்தில் எந்தக் கியருக்கு ஆயில் போக வேண்டும் என்று முடிவு செய்வதே அதுதான் என்றார்.

சித்திக்கு வாயெல்லாம் பல். "இது எங்க பழைய போர்டுங்க! நான் வேலைக்குச் சேர்ந்தப்ப இருந்தது. இந்தத் துளையில குத்தினா அந்த வார்டு, அந்தத் துளையில குத்தினா ஆபரேஷன் தியேட்டர்."

முட்டை அட்டைகளை வாங்கிவந்து, எந்தத் துளையிலிருந்து எந்த ஸ்பிரிங் வந்தது என்று சீட்டு எழுதி ஒவ்வொரு குழியிலும் வைத்தாள். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டுகிற நாளில் பொறுமை மூடியை எடுத்து மூடப்போனார்.

"இருங்க. உருண்டை ஏழு. நீங்க ஆறுதான் போட்டீங்க."

"ஏழாவது எதுவும் இல்லையேம்மா."

"இருந்துச்சு. சீட்டுல எழுதியிருக்கேன்."

மேஜையைத் தேடினார்கள். தரையைக் காந்தத்தால் துழாவினார்கள். கடைசியில் அது முட்டை அட்டையின் அடிப்பக்கத்தில் கிரீஸில் ஒட்டிக்கொண்டிருந்தது. பொறுமை அதை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "இது இல்லாம மூடியிருந்தா மறுபடியும் எல்லாத்தையும் இறக்க வேண்டியிருக்கும்" என்றார். அன்று முதல் அவள் வந்ததும் டீ இரண்டாகச் சொல்லுவார்.

வண்டி தயாரான நாளில் எங்கள் குடும்பமே ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று. சித்தி ஏறி உட்கார்ந்தாள். லீவரை ரிவர்ஸுக்குத் தள்ளினாள். அம்மா, பழக்க தோஷம், பானட்டில் இரண்டு கையையும் வைத்துத் தயாராக நின்றாள். வண்டி தானாகவே பின்னால் போயிற்று. கைக்கு ஒன்றும் தட்டுப்படாமல் அம்மா குப்புற விழப் பார்த்தாள்.

"அடிப்பாவி, சொல்லிட்டுப் போக மாட்டியா!"

சித்திக்குக் காது கேட்டால்தானே. அந்த முற்றத்தின் கடைசிச் சுவர்வரை பின்னாலேயே போனாள். முன்னால் வந்தாள். மறுபடியும் பின்னால் போனாள். பொறுமை தடுக்கவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு எதுவும் இல்லை.

புது வண்டி மாதிரி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். குளிர்ந்த காலையில் லீவரைத் தள்ளினால் இன்னமும் ஒரு எண் எண்ண வேண்டியிருக்கிறது. வயதானால் கூப்பிட்டதும் எழுந்து வர முடியுமா என்பாள் சித்தி.

அடுத்த வருடம் அவள் ஓய்வு பெற்றாள். பிரிவு உபசாரத்தில் டாக்டர்கள் அவள் குரலைப் பற்றி நிறையப் பேசினார்கள். டாக்டரம்மாவும் வந்திருந்தார். முடிந்ததும் அவரைத் தன் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார வைத்து, எங்கள் மூவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு சித்தி வண்டியை எடுத்தாள்.

"கூரையைச் சரி பண்ணிட்டேன்மா" என்று டாக்டரம்மா முதல் வேலையாகச் சொன்னார்.

"இனிமே வீட்டுல உக்காந்து என்ன பண்ணப்போற?" என்று அப்பா பின்னாலிருந்து கேட்டார்.

"சனிக்கிழமையில பொறுமை வரச் சொல்லியிருக்கார் அத்தான். அவருக்குப் போன் எடுக்க ஆள் இல்லையாம்."

"போகப்போறியா?"

"யோசிக்கறேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். ஆனால் கண்ணாடியில் அவள் கண் சிரிப்பது எனக்குத் தெரிந்தது.

எங்கள் தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. வண்டி திரும்பவில்லை, நேராகப் போயிற்று. இரண்டு கடைவீதி தாண்டிய பிறகு அம்மாதான் கேட்டாள்.

"எங்கடி போற?"

"தெரியல."

"பெட்ரோல் இருக்கா?"

"இருக்கு."

"அப்பப் போ" என்று சொல்லிவிட்டு அம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.